வெள்ளை விழவில்லை என்று சொன்னேன்

எங்கள் கார் ஷெட்டின் அஸ்திவாரத்தில் உப்புத் தண்ணீரை ஊற்றியவள் நான். தெரிந்தே ஊற்றினேன். அதைக் கட்டிய மிக்கேல் கொத்தனார் மேல் பழி விழுந்தபோது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றையும் கையோடு சொல்லிவிடுகிறேன். நொறுங்கிப்போன அந்த அஸ்திவாரத்தை மூன்று மூன்று அடியாகத் தோண்டியெடுத்து, புதிதாக வார்த்து, ஷெட்டை நிமிர்த்தியவளும் நானேதான்! அறுபது வயது, ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை, சர்க்கரை உண்டு, முழங்கால் வலி உண்டு. இன்ஜினியர் இடிக்கச் சொன்ன கட்டடம் இன்றைக்கு நிற்கிறது. குற்றத்தைச் சொல்ல வந்த இடத்தில் பெருமையடிக்கிறாளே என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றட்டும். இரண்டையும் செய்தது இந்த ஒரே கைதான், ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் துறைமுக வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு வேன் வாங்கிய வருடம் அது. திருச்செந்தூருக்கும் கன்னியாகுமரிக்கும் வாடகைக்கு ஓட்டுவது அவர் திட்டம். கடல்காற்றில் வேனை வெளியே நிறுத்தினால் ஒரே வருடத்தில் தகரம் ஓட்டையாகிவிடும். அதனால் வீட்டோடு சேர்த்து ஒரு ஷெட். நான்கு தூண், தூண்களைச் சுற்றித் தரைமட்டத்தில் கம்பி கட்டிய கான்கிரீட் பெல்ட், அதற்கு மேல் செங்கல் சுவர், மேலே ஷீட். கட்டித் தர வந்தவர் மிக்கேல் கொத்தனார். கடற்கரைக் கத்தோலிக்கர், எங்களைவிட நாலைந்து வயது மூத்தவர். அவர் கட்டிய சுவரில் நூல் பிடித்துப் பார்க்க வேண்டியதில்லை என்று தெருவில் பேர் இருந்தது.

தூத்துக்குடியில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். பாத்திரம் கழுவலாம், குளிக்கலாம், கட்டடத்துக்கு ஆகாது. உப்பு கம்பியைத் தின்றுவிடும். இதைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு வருடா வருடம் கரும்பலகையில் சமன்பாடு எழுதிச் சொல்லிக்கொடுத்தவள் நான்! எங்கள் ஊர்க் கொத்தனார்களுக்குச் சமன்பாடு வேண்டாம். அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரைக் கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் சிமெண்ட் மூட்டையைப் பிரிப்பார்கள். மணலையும் அப்படியே. நாக்கு சரி என்று சொல்லாமல் கரண்டியைத் தொட மாட்டார்கள்.

பெல்ட் போடுகிற நாளுக்கு லாரித் தண்ணீர் என் பொறுப்பு. நானே வலியக் கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு அது. "நீங்க கவலப்படாதீங்க கொத்தனாரே, தண்ணி விஷயம் எனக்குத் தெரியாதா" என்று வேறு சொல்லியிருந்தேன். அன்று காலை லாரி வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. வாடகைக்கு எடுத்த கலவை மிஷின் வாசலில் வந்து நின்றுவிட்டது, ஆறு ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

லாரி வரவில்லை, நாளைக்கு வைத்துக்கொள்வோம் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்! ஏன் சொல்லவில்லை? ஆட்கள் கூலி வீணாகும் என்றா? இல்லை. இவ்வளவு நாளும் இந்தக் காரணத்தைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை வேறு... டீச்சர் ஏற்றுக்கொண்ட ஒரே வேலையை டீச்சர் செய்யவில்லை என்று ஆறு பேர் முன்னால் ஆகிவிடக் கூடாது. அவ்வளவுதான் காரணம். பின்பக்கம் போய் போர் மோட்டாரைப் போட்டேன், தொட்டி நிறைந்தது.

கொத்தனார் வந்தார். வழக்கம்போலக் குனிந்து, கையைக் குவித்துத் தொட்டிக்குள் விடப்போனார்.

"நான் ஸ்கூல் லேபுல டெஸ்ட் பண்ணிட்டேன் கொத்தனாரே. வெள்ளை விழல. நல்ல தண்ணி."

தண்ணீரில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால், உப்பு இருந்தால் பால்போல வெள்ளையாகத் திரண்டு விழும். இதை அவருக்கு முந்தின வாரம் நான்தான் விளக்கியிருந்தேன், கொஞ்சம் ஜம்பமாகவே. அவர் கை தண்ணீரைத் தொடவில்லை. நிமிர்ந்து, வெறும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"டீச்சரே பார்த்தாச்சுன்னா அப்புறம் என்ன" என்று சொல்லிவிட்டு மிஷினை ஓட்டச் சொன்னார்.

அந்தக் கையை நான் தடுத்தேன். நாற்பது வருடப் பழக்கமுள்ள ஒரு மனிதரின் நாக்கைவிட என் பொய்க்கு மதிப்பு அதிகமாக இருந்தது. கலவை சுமந்த பெண்கள் உதட்டில் தெறித்ததைத் துடைத்துக்கொண்டே வேலை செய்தார்கள். வெயிலில் வியர்வையும் உப்புத்தானே... யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது! அடுத்த ஏழு நாளும் கான்கிரீட் இறுகுவதற்காகச் சாக்குப் போட்டு நனைத்தது நான். அதற்கும் போர்த் தண்ணீர்தான். முதல் பொய்க்குப் பிறகு லாரி கூப்பிட்டால் அது எதற்கென்று கேள்வி வருமே.

ஆறு வருடம் ஒன்றும் ஆகவில்லை. ஏழாவது வருடம் கிழக்குப் பக்கச் சுவரில் கீழிருந்து ஒரு விரிசல் ஏறியது. பெல்ட்டிலிருந்து காரை பத்தை பத்தையாக விழுந்தது. உள்ளே கம்பி துருவேறி உப்பிக் கிடந்தது. என் வீட்டுக்காரர் கொத்தனாரை வரவழைத்தார். தெருவே கேட்கும்படி பேசினார். கடல் மணலை அள்ளிப் போட்டு ஏமாற்றிவிட்டாய் என்றார், சிமெண்டைத் திருடிவிட்டாய் என்றார்.

மிக்கேல் கொத்தனார் குத்தவைத்து உட்கார்ந்து, உடைந்த காரையில் ஒரு துண்டை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். என்னை மட்டும்!

"உப்புதான்" என்றார்.

அதை அவர் எனக்குச் சொன்னார். என் வீட்டுக்காரரோ அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார். நான் வாயைத் திறக்க எத்தனை நேரம் இருந்தது தெரியுமா? கொத்தனார் எழுந்து, வேட்டியைத் தட்டி, செருப்பைத் தேடிப் போட்டு, கேட்டைத் திறந்து, தெருமுனை திரும்புகிற வரைக்கும் நேரம் இருந்தது. நான் காப்பி போட உள்ளே போய்விட்டேன்.

எங்கள் சபைக் கோயிலின் சுற்றுச்சுவர் வேலை அவருக்கென்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. கமிட்டியில் என் வீட்டுக்காரர் இருந்தார். வேலை வேறு ஆளுக்குப் போயிற்று. எங்கள் தெருவில் அதற்குப் பிறகு மிக்கேல் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. பக்கத்துத் தெருக்களும் மெல்ல மெல்ல விட்டுவிட்டன. கடைசியில் உப்பளத்தில் காவலுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். நல்லது, அவருக்கும் வயதாகிறதே என்று நான் சொன்னேன். ஆம், இதையும் சொன்னேன்.

ஐந்து வருடம் விரிசலுக்கு மேல் காலண்டர் தொங்கவிட்டோம். நான் ஓய்வு பெற்ற வருடம் சுவர் பக்கத்து வீட்டு முற்றத்துப் பக்கம் சாயத் தொடங்கியது. இன்ஜினியர் ஒருவர் வந்து பார்த்தார். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள் என்று ஒரு தொகை சொன்னார். என் பணிக்கொடையில் பாதி போய்விடும். வீட்டுக்காரர் ஷெட்டே வேண்டாம், வேனை விற்றுவிடலாம் என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு வெறி பிடித்தது. நான் கெடுத்ததை நான் சரி செய்வேன்! இதைச் செப்பனிட்டுவிட்டால் மற்றதும் சரியாகிவிடும் என்று நினைத்தேனா? நினைத்தேன்தான் போலிருக்கிறது. மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே, அதை எதையாவது கொடுத்து வாயடைக்கத்தான் பார்க்கிறோம்.

முதலில் தண்ணீர். லாரியை நம்பவில்லை, யாரையும் நம்பவில்லை. ஐப்பசி மழையை அந்த ஷெட்டின் கூரையிலிருந்தே பிடித்தேன். பழைய தகரத்தை மடக்கி வாய்க்கால் மாதிரி கட்டி, காயலான் கடையில் வாங்கிய நீல டிரம்களில் விட்டேன். என்னிடம் படித்து இப்போது அதே பள்ளியில் வேதியியல் எடுக்கும் பெண் ஒரு சின்னப் பழுப்பு பாட்டிலில் சில்வர் நைட்ரேட் கொடுத்தாள். ஒவ்வொரு டிரம்மாகச் சோதித்தேன், இந்த முறை நிஜமாக. ஒரு டிரம்மில் வெள்ளை திரண்டு விழுந்தது! விசாரித்தால், அது கருவாட்டுக் கடையிலிருந்து வந்த டிரம். அத்தனை தண்ணீரையும் சாக்கடையில் கொட்டினேன். மற்ற ஐந்திலும் தெளிவாக நின்றது.

பிறகு ஆள். எல்லாக் கொத்தனார்களும் இந்த வேலைக்கு வர மறுத்தார்கள், நொறுங்கின சுவருக்குக் கீழே எவன் கையை விடுவான் என்று. வந்தவள் பேச்சியம்மாள். முப்பது வருடம் சித்தாளாகக் கலவை சுமந்தவள், ஒரு நாளும் அவள் கையில் கரண்டியைக் கொடுத்ததில்லை யாரும். "நானே போடுதேன் டீச்சர், பார்த்துப் பார்த்துக் கண்ணு பழகியாச்சு" என்றாள். நான் புத்தகம் படித்தேன், அவள் கரண்டி பிடித்தாள்.

துறைமுகச் சாலையில் லாரி பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி இரண்டு பெரிய ஜாக்கிகளை இரவல் தந்தார். பழைய வீடு இடித்த இடத்தில் பனங்கட்டைகள் கிடைத்தன. ஜாக்கிக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று வைத்து, கூரையின் பாரத்தைச் சுவரிலிருந்து மெதுவாக எடுத்தோம். ஜல்லியும் எம்-சாண்ட் மணலும் அடுத்த தெருவில் வீடு கட்டி முடித்தவர்கள் வாசலில் மீந்து கிடந்தவை. ஜல்லியை மழைத்தண்ணீரில் அலசினேன், அரிசி களைவதுபோல.

தை மாதம் தொடங்கினோம். மூன்று அடி தோண்டுவோம், அடுத்த மூன்று அடியைத் தொடாமல் விட்டு, அதற்கடுத்ததைத் தோண்டுவோம். பக்கத்துப் பக்கத்தில் தோண்டினால் சுவர் உட்கார்ந்துவிடும். பழைய கான்கிரீட் கையாலேயே உதிர்ந்தது. கம்பி சில இடங்களில் பல்குச்சி அளவுக்கு மெலிந்திருந்தது. ஒவ்வொரு குழியிலும் அந்த ஈனமான கம்பியை என் கண்ணுக்கு நேரே பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தேன். பார்த்துக்கொண்டே துருவைத் தேய்த்தேன், ஜிங்க் பிரைமர் அடித்தேன், பக்கத்தில் புதுக்கம்பி கட்டினேன். பேச்சியம்மாள் கான்கிரீட்டைக் குத்திக் குத்தி இறக்கினாள். சாக்கு நனைந்தபடியே இருக்கும், நான் அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

தெரு ஆண்கள் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தார்கள். விழும் என்றார் ஒருவர், இந்தப் பக்கம் விழும் என்றார் இன்னொருவர். என் வீட்டுக்காரர் ஆம்புலன்ஸ் நம்பரைச் சுவரில் எழுதி வைத்தார். கேலிக்கா பயத்துக்கா, அவருக்கே தெரியாது.

மாசிக் கடைசியில் ஜாக்கியை இறக்கினோம். கால் சுற்று, கால் சுற்றாக... பேச்சியம்மாள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பாரம் முழுக்கப் புது பெல்ட்டின் மேல் உட்கார்ந்தது. ஒரு பொட்டுக் காரை உதிரவில்லை! பேச்சியம்மாள் சுவரில் கையை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். அப்புறம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். முப்பத்தைந்து வருடம் மாணவர்களை நூற்றுக்கு நூறு வாங்க வைத்திருக்கிறேன், ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை நான்.

மேலே விரிசலை அடைத்த இடங்களில், லேபில் மைக்ராஸ்கோப்புக்கு வைக்கிற மெல்லிய கண்ணாடித் துண்டுகளைக் குறுக்கே ஒட்டினேன். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் அது உடைந்துவிடும். இந்த வருட மழை கொட்டித் தீர்த்தது, தெருவில் முழங்கால் தண்ணீர். வடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஏழு கண்ணாடியும் முழுசாக இருந்தன!

ஊர் கொண்டாடியது. உப்பு தின்ற அஸ்திவாரம் இல்லாத வீடு எங்கள் பக்கம் எது? ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள், நானும் பேச்சியம்மாளும் போய்ப் பார்த்துச் சொன்னோம். பேச்சியம்மாளை இப்போது கொத்தனார் என்றே கூப்பிடுகிறார்கள். என் வீட்டுக்காரர் போகிறவர் வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி ஷெட்டைக் காட்டினார். ஒருநாள் நான் உள்ளே இருந்து கேட்டேன்.

"ஒரு டீச்சர் போட்டது நிக்குது பாருங்க. அந்தக் களவாணி மிக்கேல் போட்டது ஏழு வருசம் தாங்கல."

என் வெற்றியே மிக்கேலுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. மறுநாள் ஆட்டோ பிடித்து உப்பளத்துக்குப் போனேன்.

பாத்தி ஓரத்தில் ஓலைக் கொட்டகை. மிக்கேல் என்னைப் பார்த்ததும் எழுந்து, இருந்த ஒரே ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கண்ணில் புரை விழுந்திருந்தது. நான் உட்காரவில்லை. அன்றைக்கு ஊற்றியது போர்த் தண்ணீர் என்றும், லேபில் எந்தச் சோதனையும் செய்யவில்லை என்றும் சொன்னேன்.

"தெரியும் டீச்சர்" என்றார்.

பிறகு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா எவன் நம்புவான்? நீங்க சொல்லுவியன்னு பார்த்தேன்." ஸ்டூலை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "சாருகிட்ட சொல்லியாச்சா?" என்றார்.

இல்லை என்றேன்.

"அப்போ எங்கிட்ட எதுக்கு டீச்சர் வந்திய? எனக்குத்தான் தெரியுமே."

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். வந்த ஆட்டோவிலேயே திரும்பினேன்.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வீட்டுக்காரரிடம் மட்டும் அல்ல, எல்லோரிடமும். மார்கழியில் ஷெட்டுக்காக நன்றி சொல்லி ஒரு ஸ்தோத்திர ஜெபம் வைத்தார் என் வீட்டுக்காரர். சபையார் முப்பது பேர் வந்தார்கள், வேனை வெளியே நிறுத்திவிட்டு ஷெட்டுக்குள்ளேயே பாய் விரித்தோம். எங்கள் வழக்கப்படி பாட்டு முடிந்ததும் யாராவது எழுந்து, கர்த்தர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். நான் எழுந்தேன். லாரி வராததில் தொடங்கி, தொட்டி, பொய், நாக்கில் வைத்த காரை வரை ஒன்று விடாமல் சொன்னேன். மிக்கேல் கொத்தனார் மேல் ஒரு தப்பும் இல்லை, எல்லாம் நான் செய்தது என்று சொல்லி முடித்தேன்.

முன்வரிசையில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அப்பாடா, இறக்கி வைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

போதகர் எழுந்தார். "அடுத்தவருடைய குற்றத்தைத் தன் தோளில் தூக்கிக்கொள்கிற இந்தத் தாழ்மையைப் பாருங்கள்" என்று தொடங்கினார்!

அரை மணி நேரம் பேசினார். கெட்ட கட்டடத்தைத் திருத்தியதோடு நில்லாமல், அதைக் கெடுத்தவனின் பெயரையும் மீட்க நினைக்கும் அன்பு என்றார். நான் இடையில் எழுந்து, இல்லை ஐயா, நிஜமாகவே நான்தான் என்றேன். அவர் இன்னும் உருகிப் போனார். சபை முழுக்க "ஆமென்" என்றது.

எல்லோரும் போன பிறகு என் வீட்டுக்காரரிடம் தனியாகச் சொன்னேன். பழைய காரைத் துண்டு ஒன்றைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து வடிகட்டி, அவர் கண் முன்னால் இரண்டு சொட்டு விட்டுக் காட்டினேன். வெள்ளை திரண்டு விழுந்தது. "உப்பு இருக்குன்னுதான் எல்லாருக்கும் தெரியுமே ஏளா" என்றார். தண்ணீரை ஊற்றியது யார் என்று அந்த மருந்து சொல்லாது. பொய் சொல்கிறவளோடா முப்பது வருடம் குடும்பம் நடத்தினேன், என்னிடமே கதை விடாதே என்று சிரித்தார்.

ஒரு பொய்யை ஒரே வார்த்தையில் நம்பினார்கள். உண்மையை எத்தனை தடவை சொல்லியும்...

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து என் வீட்டுக்காரர் வரத் தாமதமானது. வந்தவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என் சாட்சி அவர் மனசை உறுத்திவிட்டதாம். ஒரு வேட்டியும் ஒரு சீப்புப் பழமும் வாங்கிக்கொண்டு உப்பளத்துக்கே போய் மிக்கேலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"பழசெல்லாம் விட்டுரும், உம்மை மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டு வாரேன்" என்றார்.

மிக்கேல் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. கும்பிட்டு வாங்கிக்கிட்டான். டீச்சர விசாரிச்சதாச் சொல்லச் சொன்னான்."

நீங்கள் என்னை அறிய மாட்டீர்கள், என் வகுப்பில் படித்தவர்கள் அல்ல, என் சபையார் அல்ல. அதனால்தான் உங்களிடம் வந்தேன். நீங்களாவது நம்புங்கள். செய்யாத குற்றத்துக்கு அந்த மனிதர் மன்னிப்பு வாங்கிக்கொண்டுவிட்டார், கைகூப்பி! எனக்கோ நாளைக் காலை ஒன்பது மணிக்கு அடுத்த தெருவில் ஒரு வீட்டு அஸ்திவாரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பெரிய மரியாதையோடு காரே அனுப்புகிறார்கள்.